லிட்டருக்கு நாலே கிலோமீட்டர்

உங்க பைக் லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது? ஹாஸ்டல்ல இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கவே கிடைக்காது. வண்டிக்குச் சொந்தக்காரன் அறுபதுன்னு சொல்வான். அதைக் கடன் வாங்கி ஓட்டினவன் நாற்பதைத் தாண்டாதுன்னு சத்தியம் பண்ணுவான். ரெண்டு பேர் சொல்றதும் உண்மையா இருக்கலாம். ஒருத்தன் ஐம்பதுல போயிருப்பான், இன்னொருத்தன் தொண்ணூறுல பறந்திருப்பான். வேகமாப் போனா வண்டி அதிகமாகக் குடிக்கும் என்பது நம்ம எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு அதிகமாகக் குடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் நம்மில் யாராவது உண்டா? நான் போட்டதில்லை. தப்பாகப் போனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு பங்க் வரை நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதானே.

அந்தக் கணக்கின் மேல் தன் உயிரையே வைத்த ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப்போகிறேன். சார்லஸ் லிண்ட்பெர்க். 1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை, நடுவில் எங்கும் இறங்காமல், தன்னந்தனியாக விமானம் ஓட்டியவர். அட்லாண்டிக்கை விமானத்தில் முதலில் கடந்தவர் இவர் இல்லை. 1919-லேயே ஆல்காக், பிரவுன் என்ற இருவர் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்குப் பறந்துவிட்டார்கள். ஆனால் அது கிட்டத்தட்ட பாதித் தூரம்தான். லிண்ட்பெர்க் போனது சுமார் 5,800 கிலோமீட்டர். அந்த விமானம் கொடுத்த மைலேஜ் லிட்டருக்கு நாலு கிலோமீட்டரை ஒட்டி. வழியில் பங்க் கிடையாது, ஓரமாக நிறுத்தவும் முடியாது.

முதல்ல ஆளைப் பார்த்துடுவோம். 1902 பிப்ரவரி 4 அன்று டெட்ராய்ட்டில் பிறந்தார். வளர்ந்தது மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள லிட்டில் ஃபால்ஸ் என்ற சிற்றூரில். அப்பா அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். அம்மா வேதியியல் ஆசிரியை. அம்மாவின் அப்பா பல் மருத்துவர். வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்துப் புதுப்புதுக் கருவிகளைச் செய்து பார்த்த மனிதர். பையனுக்குக் கை முழுக்க கிரீஸ், தலை முழுக்க இயந்திரம். 1920-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எந்தப் பிரிவு தெரியுமா? மெக்கானிக்கல். மதிப்பெண்கள் படுமோசம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, 1922-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருந்த ஒரு விமானக் கம்பெனியில் பறக்கக் கற்றுக்கொள்ளப் போனார். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பத்தியைக் கத்தரித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அடுத்து அவர் போட்ட கணக்குகளையும் பாருங்க.)

1923-இல் 500 டாலருக்கு ஒரு பழைய ராணுவ விமானத்தை வாங்கினார். கர்ட்டிஸ் ஜென்னி. முதலாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் மலிவு விலையில் தள்ளிவிட்ட இரட்டை இறக்கை விமானம். அதை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வயல்வெளியில் இறக்கி, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவார். பறக்கும் விமானத்தின் இறக்கை மேல் நடப்பது, பாராசூட்டில் குதிப்பது எல்லாம் கூடுதல் வித்தைகள். நம்ம ஊர் சர்க்கஸ் மாதிரின்னு வெச்சுக்கோங்க, கூடாரம் மட்டும் கிடையாது.

இந்த ஜென்னி ஒரு டெயில்டிராகர். அதாவது வாலை இழுத்துக்கொண்டு போகிற வகை. முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம் அல்லது வெறும் ஒரு சறுக்குக் கட்டை. தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் விமானிக்கு நேர் முன்னால் எதுவும் தெரியாது. இடம் வலமாக வளைந்து வளைந்து போய்த்தான் பாதையைப் பார்க்க வேண்டும். எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் கொஞ்சம் அசந்தாலும் வால் முன்னால் சுழன்று வந்துவிடும். பின் எதற்கு இப்படிச் செய்தார்கள்? அன்று ஓடுபாதை என்பதே புல்வெளிதான். மேடு பள்ளத்தில் புரொப்பெல்லர் மண்ணைக் கொத்தாமல் இருக்க மூக்கு உயரத்தில் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. மூக்குக்குக் கீழே ஒரு சக்கரமும் அதைத் தாங்கும் தண்டும் வைத்தால், அது பறக்கும் நேரம் முழுக்கக் காற்றில் நீட்டிக்கொண்டே இருக்கும். எடையும் கூடும், இழுவையும் கூடும். வால் சக்கரம் சின்னது, லேசானது. இன்றும் அதே எஞ்சினில் சில மைல் வேகம் கூடக் கிடைக்கும் என்று சின்ன டெயில்டிராகரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1924-இல் ராணுவத்தின் விமானப் பயிற்சியில் சேர்ந்தார். கூடச் சேர்ந்தவர்கள் நூறு பேருக்கு மேல். 1925-இல் தேறி வெளியே வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதில் முதலிடம் லிண்ட்பெர்க்குக்கு. கல்லூரியில் கோட்டை விட்ட அதே பையன் இங்கே இரவு பகலாகப் படித்தான். தப்பான விடைக்கு மதிப்பெண் மட்டுமா போகும், ஆளே போய்விடுவான் என்று தெரிந்தால் யாருக்கும் படிப்பு வரும்போல.

1926 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் – சிகாகோ இடையே தபால் விமானம் ஓட்டும் வேலையைத் தொடங்கினார். இங்கேதான் பெட்ரோல் அவருக்கு முதல் பாடம் எடுத்தது.

செப்டம்பர் 16 இரவு. சிகாகோ முழுக்க மூடுபனி, இறங்க வழியில்லை. பனி இல்லாத இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார். டேங்கில் 110 காலன் நிரப்பியிருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்று மனக்கணக்கு. ஆனால் எஞ்சின் திடீரென்று நின்றது. ரிசர்வ் டேங்குக்கு மாற்றினார். அதுவும் சில நிமிடங்களில் தீரும் நிலைக்கு வந்தது. வேறு வழியில்லாமல் இருட்டுக்குள் பாராசூட்டில் குதித்தார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. டேங்க் ஒழுகுகிறது என்று 110 காலன் டேங்கைக் கழற்றிவிட்டு 85 காலன் டேங்கை மாட்டியிருந்தார்கள். விமானியிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

நம்மிலும் சிலருக்கு இது நடந்திருக்கும். ரூம்மேட் பைக்கை ரிசர்வ்ல ஓட்டிட்டு வந்து, குமிழை அப்படியே ரிசர்வ்லயே விட்டுட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் தூங்கப் போயிடுவான். மறுநாள் நீங்க நடுரோட்டுல வண்டி நின்னதும் ரிசர்வ் இருக்குன்னு தைரியமா குனிவீங்க. குனிஞ்ச அந்த நொடியில வயித்துக்குள்ள ஒண்ணு விழும் பாருங்க, அதை ஐயாயிரம் அடி உயரத்தில், பனிக்குள், இரவில் நினைத்துப் பாருங்க.

கதை அதோடு முடியவில்லை. குதிக்கும்போது அவர் எஞ்சின் சுவிட்சை அணைக்கவில்லை. பெட்ரோல்தான் தீர்ந்துவிட்டதே என்று நினைத்தார். ஆளில்லாத விமானம் மூக்கைக் கவிழ்த்ததும் டேங்கின் மூலையில் தேங்கியிருந்த மிச்ச சொச்சம் கார்புரேட்டருக்கு ஓடிவந்து எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டது. பாராசூட்டில் தொங்கிக்கொண்டிருந்தவரைச் சுற்றிச் சுற்றி அவருடைய விமானமே வட்டமடித்துக்கொண்டு கீழே இறங்கியது. மயிரிழையில் தப்பி ஒரு சோளக்காட்டில் விழுந்தார். ஏழு வாரம் கழித்து, நவம்பர் 3 அன்று, மறுபடியும் மோசமான வானிலை, மறுபடியும் தீர்ந்த பெட்ரோல், மறுபடியும் பாராசூட்.

டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை இனி யார் சொன்னாலும் நம்புகிற ஆளாக அவர் இருந்திருப்பாரா?

அந்தச் சமயத்தில் அமெரிக்கா முழுக்க ஒரே பேச்சு ஆர்ட்டீக் பரிசு. நியூயார்க்கில் ஓட்டல் நடத்திய ரேமண்ட் ஆர்ட்டீக் 1919-இல் அறிவித்தது. நியூயார்க் – பாரிஸ் இடையே எந்தப் பக்கமிருந்தாவது நிற்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர். பெரிய பெரிய ஆட்கள் களத்தில் இருந்தார்கள். பலரும் ஒரே திசையில் யோசித்தார்கள்: நீண்ட தூரம், அதனால் நிறைய பெட்ரோல், அதனால் பெரிய விமானம், அதனால் இரண்டு மூன்று எஞ்சின், அதனால் இன்னும் நிறைய பெட்ரோல். 1926 செப்டம்பரில் பிரெஞ்சுப் போர் வீரர் ஃபோங்க்கின் மூன்று எஞ்சின் விமானம் சுமை தாங்காமல் ஓடுபாதையின் முடிவிலேயே தீப்பிடித்தது. இரண்டு பேர் செத்தார்கள். 1927 ஏப்ரலில் டேவிஸ், வூஸ்டர் என்ற இரண்டு கடற்படையினர், முழுச் சுமையோடு செய்த சோதனைப் பறத்தலில் இறந்தார்கள். மே 8 அன்று பாரிஸிலிருந்து கிளம்பிய நன்ஜெஸர், கோலி இருவரும் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

லிண்ட்பெர்க் எதிர்த்திசையில் யோசித்தார். ஒரே எஞ்சின், ஒரே ஆள். மூன்று எஞ்சின் இருந்தால் பாதுகாப்புதானே என்று நமக்குத் தோன்றும். முழுச் சுமையோடு கிளம்பும் நேரத்தில் மூன்றில் ஒன்று நின்றாலும் விமானம் விழத்தான் செய்யும். ஆக எஞ்சின் பழுதாகும் வாய்ப்பு மூன்று மடங்கு ஆகிறதே தவிரக் குறையவில்லை என்பது அவருடைய வாதம். செயின்ட் லூயிஸ் வியாபாரிகள் சிலர் பின்னால் நின்றார்கள். அவர் தன் சேமிப்பிலிருந்து 2,000 டாலர் போட்டார், வங்கிக் கடனாக 15,000 டாலர் கிடைத்தது. ஒரு கம்பெனி விமானம் தரச் சம்மதித்துவிட்டு, ஓட்டப்போவது யார் என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்றது. போய்யா என்று வந்துவிட்டார். கடைசியில் சான் டியேகோவில் இருந்த ரயன் என்ற சின்னக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

1927 பிப்ரவரி கடைசியில் வேலை தொடங்கியது. அங்கே டொனால்ட் ஹால் என்ற பொறியாளரும் லிண்ட்பெர்க்கும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் கேள்வி, பாரிஸ் எவ்வளவு தூரம்? இருவரும் ஊர் நூலகத்துக்குப் போய், அங்கிருந்த பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை வைத்து அளந்தார்கள். சுமார் 3,600 மைல். அதற்கு மேல் கொஞ்சம் பாதுகாப்புக்கும் சேர்த்து 400 காலனுக்கு மேல் வேண்டும் என்று கணக்கு வந்தது. இரண்டே மாதத்தில் விமானம் தயார். மொத்தச் செலவு 10,580 டாலர். பெயர் ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்.

இப்ப கொஞ்சம் எண்களைப் பார்ப்போம், பயப்படாதீங்க. காலி எடை 975 கிலோ. கிளம்பும்போது எடை சுமார் 2,380 கிலோ. அதில் பெட்ரோல் மட்டும் 450 காலன், அதாவது சுமார் 1,700 லிட்டர், 1,250 கிலோ. விமானத்தில் பாதிக்கு மேல் பெட்ரோல்! அதைத் தூக்க 223 குதிரைத்திறன் கொண்ட ரைட் வேர்ல்விண்ட் எஞ்சின். அந்தச் சுமைக்காக இறக்கையை 36 அடியிலிருந்து 46 அடியாக நீட்டினார்கள். வாலை மாற்ற நேரமில்லை, பழைய அளவிலேயே விட்டார்கள். அதனால் விமானம் நிலையில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும். பின்னால் தூக்கம் கண்ணைச் சுழற்றியபோது அந்த ஆட்டம்தான் தட்டி எழுப்பியது என்பது வேறு கதை.

பெரிய டேங்க் விமானிக்கு முன்னால், எஞ்சினுக்குப் பின்னால். விமானம் மோதினால் எஞ்சினுக்கும் டேங்குக்கும் நடுவில் நசுங்கக் கூடாது என்று லிண்ட்பெர்க்கே கேட்டு வாங்கிய ஏற்பாடு. விளைவு, முன்கண்ணாடியே இல்லை. பக்கவாட்டு ஜன்னலும் ஒரு குட்டி பெரிஸ்கோப்பும்தான். டெயில்டிராகரில் தரையில்தான் முன்னால் தெரியாது. இவருக்கு வானத்திலும் தெரியாது. எடையைக் குறைக்க ரேடியோ வேண்டாம், பாராசூட் வேண்டாம் என்றார் (பாராசூட்டால் உயிர் பிழைத்த அதே மனிதர்!). இருக்கை பிரம்பால் ஆனது. வரைபடங்களில் தேவையில்லாத ஓரங்களைக்கூட வெட்டி எறிந்தார். ஒவ்வொரு கிலோவும் பெட்ரோலாக மாற வேண்டும்.

இனிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த இடம். எந்த வேகத்தில் பறப்பது?

பைக்கில் வேகம் கூடினால் காற்று எதிர்ப்பு கூடும், அதனால் குடிக்கும். விமானத்திலும் அது உண்டு. வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆனால் விமானத்துக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. தன்னைத் தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும். மெதுவாகப் போனால் இறக்கை மூக்கைத் தூக்கி, காற்றை அதிகமாகக் கீழே தள்ளித்தான் மிதக்க முடியும். அதற்கும் ஒரு இழுவை உண்டு. அது வேகம் குறையக் குறைய ஏறும். ஆக, வேகமாகப் போனாலும் குடிக்கும், ரொம்ப மெதுவாகப் போனாலும் குடிக்கும். நடுவில் ஒரு வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கான செலவு மிகக் குறைவாக இருக்கும். ஃபிளைட் மெக்கானிக்ஸ் வைவாவில் போர்டில் போடச் சொல்வாங்களே, அந்தக் கிண்ணம் மாதிரி வளைவு, அதன் அடிப்பகுதி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த நல்ல வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பெட்ரோல் எரிய எரிய எடை குறையும், எடை குறையக் குறைய நல்ல வேகமும் குறையும். ஹால் போட்ட கணக்கில், கிளம்பும்போது சிக்கனமான வேகம் மணிக்கு 97 மைல். டேங்க் காலியாகும் நேரத்தில் 67 மைல். நீங்களே கால்குலேட்டரில் சரிபார்க்கலாம். காலி எடையோடு ஆள், எண்ணெய், சாமான் எல்லாம் சேர்த்து 1,130 கிலோ என்று வைத்து 2,380-ஆல் வகுங்கள், வர்க்கமூலம் எடுங்கள், 97-ஆல் பெருக்குங்கள். 67 வருகிறதா? வரணும். முதல் தடவை எனக்கு வந்தப்போ, கேன்டீன்ல உட்கார்ந்து, தொண்ணூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கணக்கை நான் திருத்திக் கொடுத்த மாதிரி ஒரு சந்தோஷம்.

ஆக, நல்ல மைலேஜ் வேண்டுமென்றால் மணிக்கு மணி த்ராட்டிலைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். சும்மா ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போனால் பின்பாதியில் பெட்ரோல் வீணாகும். இந்தக் கணக்குப்படி போனால் 4,000 மைலுக்கு மேல் பறக்கலாம் என்று ஹாலின் தாள் சொன்னது. 3,600 மைலுக்கு அது தாராளம்தான், காற்று எதிர்த்து அடிக்காத வரை. எதிர்க்காற்றில் கணக்கு மாறும். அப்போது கொஞ்சம் வேகமாகப் போவதுதான் மிச்சம், ஏனென்றால் காற்றோடு மல்லுக்கட்டும் நேரத்தைக் குறைக்க வேண்டும். பின்காற்றில் இன்னும் மெதுவாகப் போகலாம். இதெல்லாம் இன்றைக்கும் எந்தச் சின்ன விமானத்துக்கும் பொருந்தும்.

தாளில் இருப்பதை நம்பி மட்டும் கிளம்பவில்லை. சுமையைப் படிப்படியாக ஏற்றி ஓட்டிப் பார்த்தார்கள். 300 காலனோடு நிறுத்திக்கொண்டார்கள். கரடுமுரடான அந்த மைதானத்தில் அதற்கு மேல் போனால் டயர் தாங்காது என்று பயம். ஆக 450 காலனோடு விமானம் எழும்புமா என்பதை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. முதல் தடவை பார்க்கப்போவது பாரிஸுக்குக் கிளம்பும் அன்றுதான்.

1927 மே 20, நியூயார்க் ரூஸ்வெல்ட் ஃபீல்டு. இரவெல்லாம் மழை, ஓடுபாதை சேறு. ஈரக்காற்றில் எஞ்சின் 30 சுற்று குறைவாக ஓடியது. லிண்ட்பெர்க் முந்தைய இரவு தூங்கவே இல்லை. வயது 25. காலை 7:52-க்குக் கிளம்பினார். சேற்றில் சக்கரம் புதைந்து, ஆட்கள் இறக்கைத் தாங்கிகளைப் பிடித்துத் தள்ளினார்கள். ஒருமுறை எழும்பி மறுபடி தரையைத் தொட்டது. கடைசியில் எழுந்தபோது எதிரே தொலைபேசிக் கம்பிகள். சுமார் 20 அடி இடைவெளியில் தாண்டினார்.

பனி, இருட்டு, தூக்கத்தோடு நடந்த சண்டை, கடல் அலைக்கு மேல் தாழப் பறந்தது எல்லாம் சினிமாவாகவே வந்தாச்சு, அதை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. என் கண் போனது வேறிடத்துக்கு. மொத்தம் ஐந்து டேங்க்: மூக்கில் ஒன்று, நடுவில் பெரியது ஒன்று, இறக்கையில் மூன்று. ஒரே டேங்கைக் காலி செய்தால் எடைமையம் நகர்ந்துவிடும். அதனால் மாற்றி மாற்றித் திறந்தார். ஒவ்வொரு மணி நேரம் முடிந்ததும் எந்த டேங்கிலிருந்து எரித்தார் என்று எதிரே இருந்த கருவிப் பலகையில் பென்சிலால் ஒரு கோடு. பால்காரர் கணக்குக்குச் சுவரில் கோடு போடுவார்களே, அதே மாதிரி. முள் காட்டும் அளவை அவர் நம்பவில்லை, மணிக்கணக்கை நம்பினார். 1926 செப்டம்பர் இரவு ஞாபகம் இருக்கிறதல்லவா?

விமானம் லேசாக ஆக ஆக எஞ்சின் வேகத்தைக் குறைத்தார். காற்றோடு பெட்ரோல் கலக்கும் விகிதத்தையும் சுருக்கினார். இதைத்தான் மிக்சர் என்பார்கள், டீக்கடை மிக்சர் இல்லை. பெட்ரோல் கூடுதலாகப் போனால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும், ஆனால் எரியாத பெட்ரோல் புகைபோக்கி வழியாகக் கடலுக்குப் போகும். ரொம்பக் குறைத்தால் எஞ்சின் சூடாகித் திக்கும். திக்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும்.

பின்காற்று கைகொடுத்தது. அயர்லாந்துக் கரை தெரிந்தபோது அவர் எதிர்பார்த்த நேரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் முன்னால் இருந்தார். பாதை விலகியது ஏறத்தாழ 3 மைல்தான். பென்சில் கோடுகளை எண்ணிப் பார்த்தார். பெட்ரோல் மிச்சம் இருக்கிறது. இப்போது என்ன செய்வார்? அதுவரை கஞ்சத்தனமாகப் பறந்தவர் த்ராட்டிலைத் திறந்துவிட்டார். இருட்டுவதற்குள் பிரான்ஸ் கரையைப் பிடிக்க வேண்டும். சேமித்ததே இப்படிச் செலவு செய்யத்தானே. மே 21 இரவு 10:22-க்கு பாரிஸின் லெ பூர்ஜே மைதானத்தில் இறங்கினார். முப்பத்து மூன்றரை மணி நேரம். சராசரி மணிக்கு 107 மைலுக்குச் சற்று மேல். டேங்கில் மிச்சம் 85 காலன். அதாவது எரிந்தது ஏறக்குறைய 365 காலன், 1,380 லிட்டர். வகுத்துப் பாருங்க: லிட்டருக்கு 4.2 கிலோமீட்டர், மணிக்கு 41 லிட்டர். மிச்சம் இருந்ததில் இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் மனிதராக இருக்க உலகம் விடவில்லை. எங்கே போனாலும் கூட்டம். 1929-இல் ஆன் மாரோவை மணந்தார். 1932 மார்ச் 1 அன்று அவர்களுடைய 20 மாதக் குழந்தையை வீட்டிலிருந்தே கடத்திக் கொன்றார்கள். பத்திரிகைக்காரர்கள் விடாமல் துரத்த, 1935 கடைசியில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கென்றே மைல்ஸ் கம்பெனி செய்துகொடுத்த மோஹாக் என்ற சின்ன டெயில்டிராகரில் 1937-இல் கணவனும் மனைவியும் இந்தியா வரை, கல்கத்தா வரை பறந்து வந்து போனார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஹிட்லர் ஆண்ட ஜெர்மனிக்குப் போய் அதன் விமானப் படையைப் பார்த்து வியந்தார். 1938-இல் கோயரிங் கையால் பதக்கம் வாங்கினார். அமெரிக்கா போரில் சேரக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசினார். 1941 செப்டம்பர் 11 அன்று டி மாயின் நகரில், நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்களில் யூதர்களும் ஒரு தரப்பு என்று பேசியது அவர் பெயரை மண்ணாக்கியது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் அவருக்கு ரகசியக் குடும்பங்கள் இருந்ததும் வெளியே வந்தது. டேங்கில் ஒரு காலன் பிசகினாலும் பொறுக்காத மனிதர், மனிதர்களைப் பற்றிய கணக்கில் இவ்வளவு பிசகினார். எனக்கு இன்னும் இது புரியவில்லை.

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு ராணுவத்தில் திரும்பச் சேரக் கேட்டார். ரூஸ்வெல்ட் அரசு கதவைச் சாத்திவிட்டது. விமானக் கம்பெனியின் ஆலோசகராக, சாதாரணக் குடிமகனாக, 1944-இல் பசிபிக் போர்முனைக்குப் போனார். நியூகினியில் இருந்த 475-ஆவது போர் விமானப் பிரிவில் பி-38 ஓட்டினார். இது இரட்டை எஞ்சின், மூக்குச் சக்கரம் வைத்தது, நம்ம டெயில்டிராகர் இல்லை. ஆனால் கணக்கு அதேதான். ஒரே பறத்தலுக்குப் போய்விட்டு எல்லா விமானமும் திரும்பி வரும். மற்றவர்களின் டேங்க் காய்ந்து கிடக்கும். இவருடையதில் மட்டும் பெட்ரோல் கணிசமாக மிச்சம் இருக்கும். தரையில் இருந்த மெக்கானிக்குகள்தான் முதலில் கவனித்தார்கள்.

இளம் விமானிகள் எஞ்சினை 2,200 ஆர்பிஎம்-க்கு மேல் சுற்றவிட்டு, கலவையைக் கொழுக்க வைத்துப் பறந்தார்கள். இவர் 1,600-க்கு இறக்கி, உள்ளே போகும் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, கலவையைச் சுருக்கச் சொன்னார். மூன்றாம் கியரில் அலறவிடாமல் ஐந்தாம் கியரில் அமைதியாகப் போவது மாதிரி. அதே வேலை நடக்கும். சுற்று குறைவதால் உராய்வில் போகும் சக்தி மிச்சமாகும். எஞ்சின் கெட்டுப்போகும் என்று பையன்கள் பயந்தார்கள். அட்லாண்டிக்கின் மேல் ஒரே எஞ்சினை நம்பிப் போன 42 வயது ஆள் பொறுமையாக விளக்கினார். அந்த விமானங்கள் போய்த் திரும்பும் தூரம் நூற்றுக்கணக்கான மைல் கூடியது. திரும்பி வரும் வழியில் கடலில் இறங்க வேண்டியவன் தளத்தில் இறங்கினான். குடிமகனாக இருந்துகொண்டே சுமார் 50 போர்ப் பறத்தல்களுக்கும் போனார்.

1953-இல் தன் பயணத்தைப் புத்தகமாக எழுதினார், மறு வருடம் புலிட்சர் பரிசு. கடைசிக் காலத்தில் காடுகளையும் திமிங்கலங்களையும் காப்பாற்ற அலைந்தார். ஒலியைவிட வேகமாகப் போகும் பயணிகள் விமானம் வேண்டாம் என்று எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். 1974 ஆகஸ்ட் 26 அன்று ஹவாயின் மாவி தீவில் புற்றுநோயால் இறந்தார்.

ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் 174 தடவை பறந்துவிட்டு, 1928-இலேயே வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. இப்போது அங்குள்ள விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாராவது மேல்படிப்புக்கு அந்தப் பக்கம் போனால் போய்ப் பாருங்க. வெளியே நிற்கிற நமக்கு முன்கண்ணாடி இல்லாத அந்த மூக்கும் வால் சறுக்குக் கட்டையும்தான் தெரியும். மணிக்கு ஒன்றாக அவர் பென்சிலால் போட்ட கோடுகள் உள்ளே, கருவிப் பலகையில் இருக்கின்றன.